சுவருக்குக் கீழே நின்ற வாய்

என் மகள் சுவர் ஏறுகிறாள். தஞ்சாவூர்ப் பக்கம் இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் முதலில் தெரிவது அனுதாபம். தட்டையான பூமி, எங்கள் கிராமத்தில் உயரம் என்று இருப்பது தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அவளோ பதின்மூன்று வயதில், டவுனில் ஒரு பயிற்சிக்கூடத்தில், கலர் கலராகப் பிடிகள் பதித்த நாற்பதடிச் சுவரில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிறாள். வாரம் மூன்று நாள் ஸ்கூட்டரில் அழைத்துப்போய்க் காத்திருப்பது என் வேலை. ஐம்பத்தோரு வயது முதுகு, வழியிலுள்ள பள்ளங்களை வீடு திரும்பிய பிறகும் ஒவ்வொன்றாக எண்ணும்.

சும்மா காத்திருந்திருக்கலாம். ஆனால் நான் படித்தவன். ஊக்கமளிப்பது எப்படி என்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன். அதைவிடப் பெரிய தகுதி, பரம்பரை. மற்றவர்கள் சேற்றில் குனிந்து நட, வரப்பில் குடையோடு நின்று யோசனை சொல்லியே மூன்று தலைமுறையை ஓட்டியவர்கள் நாங்கள். சுவரைப் பார்த்ததும் அந்தக் குரல் தானாக வந்துவிட்டது.

"சோத்துக்கைப் பக்கம் பாரும்மா! மஞ்சளப் புடி! உன்னால முடியும்!"

மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, முக்கால் சுவரில் ஒரே இடத்தில் அவள் திரும்பத் திரும்ப விழ ஆரம்பித்தாள். நான் குரலை உயர்த்தினேன். இன்னும் விழுந்தாள். ஒரு நாள் இறங்கி வந்து, பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய வெள்ளைப் பவுடரை என் சட்டையில் துடைத்தாள்.

"நாளைலேர்ந்து நான் வரலப்பா. நீயே ஏறிக்க."

பயிற்சியாளர் இருபத்துநாலு வயதுப் பெண். என்னை ஓரமாக அழைத்தார்.

"சார், எங்கம்மா நடவுக்குப் போனவங்க. வரப்புலேர்ந்து யாராச்சும் கத்தினா கை தன்னால கோணிக்கும்பாங்க. உங்க பொண்ணு புடிய பாக்குறதில்ல சார், உங்களத்தான் பாக்குது."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இதத்தான் சொல்றேன்" என்றார்.

மகளைத் திரும்ப அழைத்துவரப் பத்து நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை வருவாள். நான் பேசினால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். பயிற்சியாளர் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மகள் இடுப்பிலிருந்து சுவர் உச்சி வளையம் வழியாகக் கீழே வரும் கயிற்றின் மறுமுனையை என் கையில் தந்தார். பின்னால் தானும் பிடித்துக்கொண்டார்.

"அது ஏறினா தொய்வ இழுங்க. விழுந்தா விட்றாதீங்க. அவ்வளவுதான் உங்க வேல."

அதே இடத்தில் விழுந்தாள். கயிறு சுண்டியதில் என் குதிகால் தரையைவிட்டு எழும்பியது. அவள் அங்கேயே தொங்கினாள். பச்சைப் பிடியில் கால் வைத்தால் தீர்ந்தது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் ஒரு தடவை கீழே பார்த்தாள்.

"மூச்ச விடுப்பா."

பிறகு சுவரை மட்டும் பார்த்தாள். பச்சையைத் தொடவேயில்லை. நான் கவனித்தே இராத ஒரு புளியங்கொட்டை அளவுப் பிடியில் கால் பெருவிரலை ஊன்றி, அந்த இடத்தைத் தாண்டினாள். உச்சிக்குப் போகவில்லை. மூன்று பிடி தள்ளி மறுபடி விழுந்தாள்.

திரும்பும்போது என் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. பாதி வழி வந்திருந்தோம்.

"வியாழக்கிழமை நேரத்தோட கெளம்பணும்ப்பா" என்றாள் பின்னாலிருந்து.

சரி என்று சொல்லக்கூடப் பயமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.