பின்கண்ணாடி இல்லாத ஜீப்பில் ஏற்றிய மல்லிகை

“பின்கண்ணாடி திறந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. ஓட்டியே ஆக வேண்டுமானால் மற்ற ஜன்னல்களை இறக்கிவிட வேண்டும். தவறினால் புகைக்குழாயின் நச்சுக்காற்று உள்ளே இழுக்கப்படும்.” என் பழைய பெட்ரோல் ஜீப்பின் கையேடு இப்படித்தான் சொல்கிறது. இது எனக்குத் தெரியாத விதி அல்ல. பிறருக்கு விதிகளை எடுத்துக் காட்டியே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். இந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு வேறு போட்டு வைத்திருந்தேன்.

போன கோடையில், ஆத்தூரிலிருந்து திண்டுக்கல் வரும் சாலையில் அது நடந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், மனைவியின் அண்ணனான என் மைத்துனரின் தென்னந்தோப்பில் புல்வெட்டும் இயந்திரம் தெறிக்கவிட்ட ஒரு கல், ஜீப்பின் பின்கண்ணாடியைக் கற்கண்டுத் தூளாக்கியது. அது சாதாரணக் கண்ணாடி அல்ல. உள்ளே மெல்லிய சூட்டுக்கம்பிகள் ஓடும். பொத்தானை அழுத்தினால் சூடேறி, படிந்த பனியை விலக்கும். நகரில் கண்ணாடிக் கடைக்காரரிடம் காட்டியதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சார், நம்ம ஊரு வெக்கையில மனுசனே வெந்துக்கிட்டு இருக்கான். கண்ணாடிய வேற சூடு பண்ணனுமாக்கும்? சாதாக் கண்ணாடி வெட்டி மாட்டித் தாரேன். சாயந்தரம் வண்டிய எடுத்துட்டுப் போங்க.”

கொடைக்கானல் ஏறினால் பனி இருக்கும் என்றேன். கடைசியாக எப்போது ஏறினீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர். ஒரு பாகம் பழுதானால் அதே பாகத்தைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கொள்கை. நிறுவனத்துக்கு முறைப்படி எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன், மறுபடி நினைவூட்டினேன். அதுவரை இருக்கட்டும் என்று கண்ணாடி இருந்த இடத்தில் கனமான பிளாஸ்டிக் தாளை ஒட்டுநாடாவால் ஒட்டினேன். தாள் ஒட்டியிருப்பதால் பின்பக்கம் ‘மூடிய நிலை’ என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

அன்று மைத்துனர் மகளுக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம். மண்டபத்துக்கு வேண்டிய மல்லிகையை அவர் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் பொறுப்பு எங்களுடையது. பூ மூட்டைகளைப் பின்னால் அடுக்கினோம். நசுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள என் மனைவி அவற்றின் நடுவே உட்கார்ந்தாள்.

புறப்பட்ட சற்று நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது.

“கண்ணாடிய எல்லாம் ஏத்திவிடுங்க. மழைத்தண்ணி பட்டா பூ கறுத்துப்போகும். அண்ணன் முகத்துல முழிக்க முடியாது” என்றாள்.

பூக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினேன். முன்கண்ணாடியில் ஆவி படிந்து சாலையை மறைக்குமே என்று என் பக்கத்தில் மட்டும் விரலளவு இடைவெளி விட்டேன். வண்டிக்குள் மல்லிகை வாசம் சுவர் போல நின்றது. வேறு எந்த வாசனையும் மூக்கை எட்ட வழியில்லை. பின்னால் மழையில் ஒட்டுநாடா ஊறி, தாளின் கீழ்மூலை பிரிந்து, சரியாகப் புகைக்குழாய்க்கு மேலே படபடத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“பூ வாசம் தலைய வலிக்குதுங்க” என்றாள். மல்லிகை வாசம் சிலருக்குத் தலைவலி கொடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. எனக்கும் நெற்றி கனத்தது. ரத்த அழுத்தம் என்று எண்ணிக்கொண்டேன்.

“செத்த நேரம் கண்ண மூடுறேன்” என்றாள். அதன் பிறகு பின்னாலிருந்து பேச்சு வரவில்லை.

திண்டுக்கல்லுக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை. ஏன் அணைக்கவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. சாவியைத் திருப்புவதுகூட அப்போது யாரோ செய்ய வேண்டிய வேலை போலத் தோன்றியது. மண்டபத்தின் பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. வராதது எனக்கு உறைக்கவும் இல்லை.

பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருக்கிறது. அதிலிருந்து புர்கா அணிந்த ஒரு பெண், பூ வாசத்தை மோப்பம் பிடித்து இறங்கி வந்திருக்கிறார். பிளாஸ்டிக் தாளின் பிரிந்த மூலையைத் தூக்கி, “அக்கா, ஒரு கை பூ குடுங்கக்கா. வீட்டுல விசேஷம்” என்று கேட்பது காதில் விழுந்தது. மறுபடியும் கேட்டார். அப்புறம் குரல் மாறியது.

“அண்ணே! அக்கா பேச மாட்டேங்கிறாக!”

“அசந்து தூங்குறா” என்றேன்.

“தூங்குறாகளா? யா அல்லா, கன்னத்துல அடிக்கிறேன், முழிக்க மாட்டேங்கிறாக! வண்டிய அமத்துங்கண்ணே! பொகை பூரா உள்ளாறதான் போகுது!”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் தலை ஒரு மூட்டையின் மேல் சரிந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. பென்சிலால் கோடு போட்ட அந்த வரி, எழுத்துப் பிசகாமல் என் கண்முன் வந்து நின்றது. இறங்கிப் பின்பக்கம் போனேன். பின்கதவின் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். மூட்டைகளை இழுத்து வெளியே வீசினார். எந்தப் பூ நனையக் கூடாது என்று ஜன்னல்களை ஏற்றினேனோ, அந்தப் பூ சேற்றில் கொட்டிக் கிடக்க, அதன் மேலேயே அவளைக் கிடத்தினோம்.

மூச்சு இருக்கிறதா என்று அவள் மூக்கருகே காதை வைத்தேன். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ரயிலை நான் கண்டதில்லை.

ரயில் முடிவதற்கு முன், நான் பிடித்திருந்த அவள் கையின் விரல்களில் ஒன்று மெல்ல அசைந்தது.

அந்தப் பெண் ஆட்டோவில் அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, “அக்கா, கண்ணத் தொறங்க. தூங்கக் கூடாது, தூங்கக் கூடாது” என்று பெரியாஸ்பத்திரி வரை அதட்டிக்கொண்டே வந்தார். அங்கே அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நீங்களும் படுங்க சார்” என்றார். நான் எழுந்து தேடியபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தார்.

மாலையில் மனைவி முகமூடியை விலக்கிக் கேட்ட முதல் கேள்வி, “பூ போய்ச் சேந்துச்சா?”

நடந்ததைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“அந்தப் பொண்ணுக்கு ஒரு கை பூவாச்சும் குடுத்தீகளா?”

கொடுக்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த நாளே சாதாக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் கேலியாக ஒன்றும் சொல்லவில்லை. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றும் மல்லிகை வாசம் வந்தால் ஜன்னலை இறக்கிவிட்டு, அவள் பேசுகிறாளா என்று திரும்பிப் பார்க்கிறேன். பேசாமல் இருந்தால் ஏதாவது சொல்லி வம்புக்கு இழுக்கிறேன். அன்று ரயில் சத்தத்துக்கு நடுவே அந்த ஒற்றை விரல் சொன்ன பதிலுக்குப் பிறகு, உலகத்தில் வேறு எந்தப் பதிலும் எனக்கு அவசரமாகப் படவில்லை. தாங்கள் கோரிய சூட்டுக்கம்பிக் கண்ணாடி இப்போது தயாரிப்பில் இல்லை என்று நிறுவனத்தின் பதில் வந்தது, ஆயுத பூஜை அன்று.