தீவனத் தொட்டிக்குள் கேட்ட சத்தம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், நாமக்கல்லுக்குப் பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் நடந்தது இது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. பேசாமல் இருந்ததால் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டறையில் என் மகன் வெல்டர். நான் அங்கே கூட்டுகிற வேலைக்குப் போனேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானே கேட்டுப் போனதுதான். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். காலையில் அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய், சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவோம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத் தரையில் இழுத்துக்கொண்டே நடந்தால் ஒயர் துண்டு, இரும்புப் பொடி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்குள் இறங்கிக் கூட்டுவதும் என் வேலைதான். அறுபதைத் தாண்டியிருந்தாலும் ஏணி ஏறுவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை.

தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை. கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோகிற லாரியின் தொட்டி. உள்ளே தடுப்புத் தடுப்பாக நாலைந்து அறைகள் இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் மேலே ஓர் ஆள் இறங்குகிற அளவு ஒரு வாய். தீவனம் தானாக இறங்குவதற்காக அடிப்பக்கம் புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகும். அங்கே திறந்து மூடுகிற ஒரு தகடு வைத்திருப்பார்கள்.

அங்கே நடப்பது மிக் வெல்டிங். துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச், அதிலிருந்து ஒயர் தானாக வந்துகொண்டே இருக்கும். கூடவே சிலிண்டரிலிருந்து கேஸ் வந்து, உருகுகிற இரும்பில் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். காற்று அடித்தால் கேஸ் கலைந்துபோய், பற்றவைத்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாகிவிடும். அதனால் எவ்வளவு வேக்காடாக இருந்தாலும் பக்கத்தில் ஃபேன் போட மாட்டார்கள். இதெல்லாம் வண்டியில் போகும்போது என் மகன் சொன்னது. அவன் தன் வேலையில் கவனமான ஆள். தோல் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் டார்ச்சைத் தொட மாட்டான். "வெளிச்சத்தப் பாக்காதம்மா, கண்ணு போயிரும்" என்று எனக்கும் நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், சிலிண்டரின் கழுத்தில் வெள்ளை வெள்ளையாக உறைந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். வெடிக்கப் போகிறதோ என்று, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஓடிப்போய், "சிலிண்டர்ல ஐஸு கட்டுதுங்க, வெடிச்சுருமாட்ட இருக்குதுங்க" என்றேன். கேஸ் வேகமாக வந்தால் அப்படி உறைவது வழக்கம்தானாம். எனக்கு எப்படித் தெரியும்?

"ஏனுங்க ஆயா, குச்சி ஐஸா கப் ஐஸா? எதுன்னாலும் எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்க" என்றார் பெயிண்ட் அடிக்கிற ஆள். பட்டறையே சிரித்தது. மேஸ்திரிகூடச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு ஐஸ் ஆயா என்றே பேராகிவிட்டது. அவர்கள் சிரித்ததைவிட, என் மகன் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் கீழே ஊற்றியதுதான் எனக்கு வலித்தது. அன்றைக்கு வண்டியில் வரும்போது சொன்னான். "தெரியாததப் பத்தியெல்லாம் வாயத் தொறக்காதம்மா. எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க."

சரி சாமி என்றேன். அதற்கப்புறம் பட்டறையில் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. மத்தியானச் சோற்றைக்கூடத் தனியாக, பின்னால் இரும்புத் தகடு அடுக்கியிருக்கும் இடத்தில் உட்கார்ந்து தின்றுவிடுவேன்.

அந்த மத்தியானம் காற்று பேயாக அடித்தது. மண் பறந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. என் மகன் காலையிலிருந்து ஒரு தொட்டியின் நடு அறைக்குள் வேலை செய்துவிட்டு, சாப்பாட்டுக்கு வெளியே வந்தான். டார்ச்சை உள்ளேயே தொங்கவிட்டிருந்தான். வெளியே எடுத்துவிட வேண்டும், கீழே சிலிண்டரையும் மூட வேண்டும் என்பதுதான் முறையாம். ஆனால் டார்ச்சோடு வரும் அவ்வளவு கனத்த கேஸ் பைப்பை லாரி உயரத்துக்கு இழுத்து, மறுபடியும் இறக்குவது பெரும்பாடு. சாப்பிட்டுவிட்டு உடனே வரப்போகிறோம் என்று அங்கே ஒருத்தரும் எடுப்பதில்லை.

மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டே, "ஆயா, அந்தத் தொட்டி வாய மூடி உடுங்க, உள்ள மண்ணு உழுவுது" என்றார்.

தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். வாய்க்குப் பக்கத்தில் குனிந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி, ஸ்ஸ் என்று சன்னமாக. காற்றின் இரைச்சலாக இருக்குமோ என்று தலையை உள்ளே விட்டுக் கேட்டேன். இல்லை, உள்ளேதான். வாடை ஒன்றும் அடிக்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது தெரிந்தது. பெயிண்ட்காரர் ஏதோ சொல்ல, என் மகனும் வாயில் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்தான். போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? உள்ளே ஸ்ஸென்று கேட்கிறது என்றால், ஐஸ் ஆயா இப்போது பாம்பு பிடிக்க வந்துவிட்டது என்பார்கள். அவன் மறுபடியும் தலையைக் குனிவான். வெல்டிங் ஆட்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது என்று தார்ப்பாயை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நாலு பக்கமும் இரும்புத் துண்டை வைத்தேன். என் கையால் வைத்தேன்.

சாப்பிட்டு முடித்து அவன் மேலே ஏறினான். தார்ப்பாயை ஓர் ஓரமாக விலக்கிவிட்டு உள்ளே இறங்கினான். தொட்டிக்குள் ஆள் இருந்தால் வெளியே ஒருத்தர் நிற்க வேண்டும். நிற்க வேண்டிய ஆள் அடுத்த ஷெட்டுக்குத் தகடு எடுக்கப் போயிருந்தார். கீழே நான் மட்டும் காந்தத்தை இழுத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் சடசடவென்று வெல்டிங் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஒயர் மாட்டுகிறானோ என்னவோ என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். விளக்குமாற்றுக் கட்டையால் தொட்டியைத் தட்டி, "சாமி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

கத்தியிருக்க வேண்டும். எந்தத் தாயாக இருந்தாலும் கத்தியிருப்பாள். எனக்குக் கத்த வரவில்லை. மேஸ்திரியிடம் போனேன். அவர் யாரோ லாரிக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆண்கள் பேசும்போது நடுவில் புகுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று தள்ளி நின்றேன். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், இருங்க என்று கையைக் காட்டினார். நானும் தலையை ஆட்டிவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று அப்புறம் பல பேர் கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை.

போனைக் காதிலிருந்து எடுத்து, "என்னங்க ஆயா?" என்றார்.

"பையன் உள்ள எறங்குனானுங்க. சத்தமே காணோமுங்க."

அவர் முகம் மாறியது. அப்படி ஓடி நான் அவரைப் பார்த்ததில்லை. மேலே ஏறி எட்டிப் பார்த்து, என் மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடியில், அந்தக் குறுகின இடத்தில், மடங்கிக் கிடந்தானாம். பெயிண்ட்காரர் இறங்கக் காலை உள்ளே வைத்துவிட்டார். மேஸ்திரி அவருடைய பனியனைப் பிடித்து இழுத்தார். "எறங்காதடா. உள்ள கேஸு நிக்குது, நீயும் உழுந்துருவ. சிலிண்டர மூடு, அடித்தகட்டத் தொற."

அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமாம். கசிந்தால் தண்ணீர் மாதிரி கீழே தேங்கி நிற்குமாம். டார்ச்சுக்குப் போகிற பைப்பில் ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது. மூச்சுவிடுகிற காற்றையெல்லாம் மேலே தள்ளிவிட்டு அது அடியில் நிறைந்துவிட்டது. அடித்தகட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பைப்பை விட்டுக் காற்றை அடித்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருத்தர் இறங்க, எல்லோருமாக அவனைத் தூக்கினார்கள். எனக்கு அவன் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. என்னை யாரோ அக்கட்டால, தூரமாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

உயிர் இருந்தது. நாமக்கல்லில் பார்த்துவிட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பத்தொன்பது நாள் கழித்துக் கண்ணைத் திறந்தான். திறந்த கண் யாரையும் பார்க்கவில்லை. மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்று டாக்டர் என் மருமகளிடம் சொன்னார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வெளியே எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

விசாரிக்க வந்தவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டார்கள். "மூடப் போனப்ப ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா, பாட்டிம்மா?" என்று என்னையும் கேட்டார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஒண்ணும் கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டேன். டார்ச்சை உள்ளேயே விட்டுவிட்டு, சிலிண்டரை மூடாமல் போன என் மகனுடைய கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவன் பேரில் அதுவும் சேர்ந்தது.

இப்போது மருமகள் முட்டைக் குடோனுக்கு வேலைக்குப் போகிறாள். நான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன். சோற்றைக் கரைத்து ஊட்ட வேண்டும், விழுங்கினானா என்று தொண்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், புண் வராமல் திருப்பிப் போட வேண்டும். நாற்பது வயது உடம்பு, என்னால் தனியாகத் திருப்ப முடிவதில்லை. சில நேரம் அவன் கையை முகத்துக்கு நேரே தூக்குவான். கும்பிடுகிறானா, வேண்டாம் என்கிறானா என்று தெரியாது.

போன தை மாதம் மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தம் கேட்டதை, தார்ப்பாய் போட்டதை, போன் முடியட்டும் என்று நின்றதை. அவள் அவனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. மாற்றி முடித்து, அழுக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இதைய இப்ப எதுக்குங்க அத்தை எங்கிட்டச் சொல்றீங்க?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை.

மேஸ்திரி மாதம் ஒரு தடவை வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். இப்போதெல்லாம் பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்தால் முதலில் சிலிண்டரை மூடி, டார்ச்சை வெளியே எடுத்துவிட்டுத்தான் கை கழுவுகிறார்களாம். பெயிண்ட்காரர் வந்தால் நிமிர்ந்து பேச மாட்டார், வாசலில் நின்று அழுதுவிட்டுப் போவார். நான் யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேனோ, அவர்களில் ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. நான் போய்ச் சொல்லியிருந்தால் நன்றாகச் சிரித்திருப்பார்கள், சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அந்தச் சிலிண்டரை மூடியும் இருப்பார்கள் என்று நினைக்கும்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை.