பாதி வேகம் என்று எழுதிய நோட்டு

அந்தப் புது போட்டின் எஞ்சின் நின்ற இடம் பாம்பன் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். கரையில் மாலைகளோடு கூட்டம் நின்றது. போட்டில் நாங்கள் மூன்று பேர். மீனவர்களுக்கு எஞ்சின் வகுப்பு நடத்திய அதிகாரி, அந்த வகுப்பின் மெக்கானிக்கான நான், சர்க்கார் தரும் அந்தப் போட்டைப் பெறப்போகும் அருளப்பன். அறுபதுகளின் தொடக்கம் அது. பாய்மரத்தை நம்பியிருந்தவர்களுக்கு மோட்டார் வந்த புதிது. இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து இங்கிலீஷ் மேனுவலைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போவார். எதிரே வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு திணறும். யாராவது சந்தேகம் கேட்டால், "மொதல்ல எழுது. புரியறது பொறகு" என்பார். நோட்டு நிரம்பினால் பாஸ். எஞ்சின் பக்கத்து ஷெட்டில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். அதைத் தொட்டுவிட்டு வந்தால் நோட்டில் கிரீஸ் ஒட்டுமாம்.

அருளப்பன் தங்கச்சிமடத்துக்காரன். அஞ்சாவது வரை படித்தவன், முத்து முத்தாக எழுதுவான். அவன் நோட்டைத்தான் அதிகாரி எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவார். ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்தேன். 'புது எஞ்சினை முதல் ஐம்பது மணி நேரம் பாதி வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தான்.

"இது எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். அவுக சொன்னாக, எழுதுனேன்."

"புது பிஸ்டன் ரிங்கும் அது ஏறி எறங்குற லைனரும் ஒண்ணுக்கொண்ணு பழகாததுக. மெதுவா ஒரசி ஒரசித்தேன் பொருந்தும். அதுக்குள்ள வெரட்டுனா சூடேறிக் கவ்விக்கிரும். புதுக் காளைய மொத நாளே பாரவண்டியில பூட்டுவாகளா?"

"எங்களுக்குக் காளை ஏது சார்?" என்று சிரித்தான்.

அதுவும் சரிதான். மறுநாள் ஷெட்டுக்கு வரச்சொன்னேன். எஞ்சினைக் கழற்றிக் காட்டினால் விரலுக்கே விளங்கிவிடும். அதிகாரி வாசலிலேயே மறித்தார். "ஒனக்கு ரிப்பேர் வேலை. பாடம் நடத்துறது எங்க வேலை. ரெண்டையும் கொழப்பாத." எஞ்சின் பழகுவதற்கு ஐம்பது மணி நேரம் பொறுக்கச் சொன்ன ஆள், மனுஷன் பழகுவதற்கு ஒரு மணி நேரம் விடவில்லை.

வெள்ளோட்டத்தன்று மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அருளப்பன்தான் ஓட்டினான். கிளம்பியபோது எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. அதிகாரிக்குப் போதவில்லை.

"கரையில பெரிய மனுஷங்கல்லாம் பாக்குறாங்க. ஃபுல்லா விடுப்பா."

"வேண்டாம் சார், எஞ்சின் புதுசு" என்று நான் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடுய்யா. நீ ஆபீசரா, நான் ஆபீசரா?"

அருளப்பன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். போட்டை ஒப்படைக்கும் கையெழுத்து அவருடையது. என் கையை விலக்கிவிட்டு முழுக்கத் தள்ளினான். கரையில் விசில் பறந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது, எண்ணெய் கருகும் வாடை வந்தது, எஞ்சின் கவ்விக்கொண்டு நின்றுபோனது. கடைசியில் ஒரு பாய்மர வல்லம் வந்து கயிறு கட்டி எங்களை இழுத்துப்போனது.

விசாரணைக்கு ராமநாதபுரத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் அதிகாரி அருளப்பனின் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தார். "பாருங்க சார், அவன் கையெழுத்துதான். கோடு வேற போட்டிருக்கான். சொல்லிக்கொடுத்தும் மீறியிருக்கான்."

அருளப்பன் தலைகுனிந்து நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த வரியச் சொன்ன நீங்கதானே ஃபுல்லா விடச் சொன்னீக?" என்று எங்கள் அதிகாரியிடமே கேட்டுவிட்டேன்.

மேலதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிளார்க்கிடம், "அத எழுத வேண்டாம்" என்றார். பேனா நின்றது. அந்தப் போட்டு வேறொருவருக்குப் போனது. அருளப்பன் முன்பு வேலை பார்த்த மச்சானின் வல்லத்துக்கே திரும்பிப்போனான்.

பிறகு அந்த அதிகாரி மாற்றலாகிப் போக, ஆளில்லாமல் வகுப்பு என் தலையில் விழுந்தது. முதல் வேலையாக டிக்டேஷனை ஒழித்தேன். பகல் முழுக்க எஞ்சினோடு கிடக்க வேண்டும். சாயங்காலம் அன்றைக்குக் கண்டதையும் கேட்டதையும் அவரவர் வார்த்தையில் எழுத வேண்டும். தப்பும் தவறுமாக எழுதினார்கள், கிரீஸ் கறையோடு எழுதினார்கள், ஆனால் கற்றுக்கொண்டார்கள். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் சொல்வது அதைத்தான். கை செய்து பார்த்ததை எழுது. அடுத்தவன் வாயிலிருந்து விழுவதை அப்படியே எழுதினால், அது உன் நோட்டு இல்லை.

அருளப்பனை நானே போய்க் கூப்பிட்டேன். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"வாரேன் சார். எஞ்சினத் தொடச் சொல்லுங்க, தொடுறேன். எழுத மட்டும் சொல்லாதீக."

வந்தான். நல்ல டிரைவராகி, அடுத்தவர் போட்டில் வேலைக்கும் சேர்ந்தான். ஆனால் வகுப்பு முடியும்வரை, சாயங்காலம் மற்றவர்கள் எழுதும் நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முத்து முத்தாக எழுதிய கை அது. எழுதினால் மாட்டிக்கொள்வாய் என்பதை அவனுக்கு அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தோம்.