மனாமிக்குக் கொடுத்த பட்டம்

டோக்கியோவில், ஹராஜுகுவின் தகேஷிதா தெருவில் யாரையும் வேலையை விட்டுத் துரத்த மாட்டார்கள். பட்டம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். பாட்டுக் குழுவிலிருந்து கழற்றிவிடப்பட்ட பெண்ணுக்கும் பட்டம், துணிக்கடையில் வயதாகிப் போனவளுக்கும் பட்டம். பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் மாதிரி பூங்கொத்தை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போக வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

மனாமிக்கு முப்பத்தெட்டு வயது. பத்தொன்பதில் அந்தத் தெருவின் ஒரு மாடித் துணிக்கடைக்கு வந்தவள். லேஸ் வைத்த குடைப்பாவாடையும் தலையில் ரிப்பனுமாக, கடை விற்கிற உடையையே உடுத்தி நிற்பதுதான் அவளுடைய வேலை. நீகாதாவிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிற பெண்கள், "மனாமி அக்கா, எனக்கும் உங்கள மாதிரியே ரிப்பன் கட்டிவிடுங்க" என்று வரிசையில் நிற்பார்கள். கடைக்கு வெளியே அவளுக்கு ஒன்றுமே இல்லை. ஆறு பாய் விரிக்கிற ஓர் அறை, அது நிறைய அந்த உடைகள், அவ்வளவுதான்.

போன மாதம் மேனேஜர் குராத்தா அவளைக் கூப்பிட்டான். அவனுக்கே இருபத்தேழு வயதுதான்.

"மனாமி, அடுத்த மாசக் கடைசியில உங்க பட்டமளிப்ப வச்சுக்கலாமா?"

"நான் எதுவும் கேக்கலையே, மேனேஜர்."

"நீங்க கேக்க மாட்டீங்க. ஆனா இங்க வர்றதெல்லாம் பதினெட்டு வயசுப் பொண்ணுங்க. உங்களுக்கே புரியும்."

புரிந்தது. குனிந்து வணங்கி நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள். பாழாய்ப்போன மரியாதை! வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து கண்ணாடி முன் நின்று ஒரே பேச்சைச் சொல்லிப் பழகினாள். 'எனக்குப் போக இஷ்டமில்ல. எந்த மூலையிலயாவது ஒரு வேலை குடுங்க.' இரண்டே வாக்கியம். ஒரு மாதமாகியும் மேனேஜர் முகத்தைப் பார்த்தால் காலை வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

கடைசி நாள் வந்தது. ரோஜா நிற அட்டையில் அவள் படம், 'பட்டம் பெறும் மனாமிக்கு வாழ்த்துகள்!' என்று. நாற்பது பெண்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். இன்றைக்கு விட்டால் வழியில்லை என்று மனாமி மேனேஜரைக் கல்லாப் பக்கம் ஒதுக்கினாள்.

"மேனேஜர், எனக்கு…"

"மனாமி!" என்று படியிலிருந்து ஒரு குரல். அவள் அம்மா. அஷிகாகாவிலிருந்து ரயிலேறி, நல்ல கிமோனோ உடுத்தி, கையில் ஒரு துணி மூட்டையோடு மூச்சு வாங்க நின்றாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு, உனக்குக் கடையில போட்ட வாழ்த்த போன்ல காட்டினா. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடி, கள்ளி? நல்ல காரியம்னா ஆக்குற சிவப்புப் பயறுச் சோறு ஆக்கிக் கொண்டாந்திருக்கேன். மாப்பிள்ளை யாரு?"

அம்மா காலத்தில், வேலையை விட்டுப் போகிற பெண்ணை வாழ்த்தினால் அது கல்யாணத்துக்காகத்தான். வேறு எதற்கும் வாழ்த்துவார்கள் என்று அந்த மகராசிக்குத் தெரியுமா?

"கல்யாணமா! அக்காவுக்குக் கல்யாணமாம்!" கடை முழுக்கக் கூச்சல், கைதட்டல். நாலைந்து பெண்கள் அழவே தொடங்கிவிட்டார்கள். எல்லார் கையிலும் போன் உயர்ந்தது.

மனாமி அம்மாவைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அந்த முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை.

"ஆமாம்மா," என்றாள்.

குராத்தா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா! இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. உங்கள அப்படியே அனுப்ப மனசு கேக்கல, மனாமி. நம்ம சைத்தாமா கிடங்குல உங்களுக்குன்னு ஒரு வேலை கேட்டு வாங்கி வச்சிருந்தேன். இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். இனி எதுக்கு? வேற யாருக்காவது குடுத்துடறேன். என்னமோ சொல்ல வந்தீங்களே, என்ன அது?"

அம்மா மூட்டையை அவிழ்த்து எல்லாருக்கும் சோற்றைப் பங்கிட ஆரம்பித்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல, மேனேஜர்," என்றாள் மனாமி. இடுப்பு வளைய வணங்கினாள். "இத்தன வருஷமா ரொம்ப நன்றி."