மூன்று பேஸ் பெட்டிகளும் ஒரு கதிரையும்

என் தங்கையின் கணவருக்குக் காது மேலிருந்து கீழாகப் போனது. முதலில் குருவிகளின் சத்தம், பிறகு குக்கரின் விசில், பிறகு பெண்களின் குரல், கடைசியில் எல்லோருடைய குரலும். வாழ்நாளில் பெரும்பகுதியை மீன்பிடித் துறைக்குப் பக்கத்திலிருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில், கொம்பிரஷர்களுக்கு நடுவே கழித்தவர் அவர். வயதும் இரைச்சலும் சேர்ந்து செய்த வேலை என்றார் வைத்தியர். தடித்த, கீழான சத்தங்கள் மட்டும் வலது காதில் இன்னும் விழும் என்றும், அது எவ்வளவு காலத்துக்கு என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அது உண்மைதான். அன்புவழிபுரத்தில் அவர்களுடைய வீட்டில் இருந்துகொண்டு பேசும்போது நான் சொல்வது எதுவும் மச்சானுக்குக் கேட்காது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும் தலையை நிமிர்த்துவார். "பெரிசு ஒண்டு வந்திருக்கு" என்பார்.

மச்சான் இளம் வயதில் நகரத்து இசைக்குழு ஒன்றில், கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிற்றார் வாசித்தவர். கலியாண வீடுகளுக்கும் கோயில் திருநாள்களுக்கும் போவார்கள். ஒருமுறை குடாவைக் கடந்து மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில் ஒரு கலியாணத்துக்குப் போனார்கள். அன்று யாரோ கசற்றில் பதிந்தது மட்டும் தப்பிக் கிடக்கிறது. அதில் ஒரு பாட்டு நடுவில் சுருதி மாறி மேலே ஏறும். அந்த இடத்தில் கிற்றாரும் பேஸும் ஒரு கணம் பிரிந்து மறுபடி சேரும். பேஸ் பிந்திவிட்டது என்றார் கிற்றார் வாசித்தவர். கிற்றார் முந்திவிட்டது என்றார் மச்சான். குழு கலைந்து, பாடியவர் நாட்டை விட்டுப் போய், டிரம்ஸ் அடித்தவர் செத்துப்போன பிறகும் இந்த வழக்கு முடியவில்லை. கிற்றார்காரர் மச்சானை இன்றைக்கும் "கடைசி பஸ்" என்றுதான் கூப்பிடுவார். வீட்டுப் படலையைத் திறக்கும்போதே, "கடைசி பஸ் வந்திட்டுதோ, இல்லாட்டி இன்னும் மூதூரில நிக்குதோ?" என்று கேட்டுக்கொண்டு வருவார். மச்சானுக்குக் கேட்காது. ஆனால் அந்த வாயசைவு அவருக்குப் பாடம். தூஷணத்தில் பதில் சொல்வார்.

பழைய ரேப் ரெக்கோடர்களில் கீழ்ச் சுரங்கள் வெளியே வருவதில்லை. அதனால் அத்தனை வருடமும் இரண்டு பேரும் நினைவை வைத்தே வாதாடினார்கள். கடையில் கொடுத்துக் கசற்றைப் பென்ட்ரைவில் ஏற்றிய பிறகுதான் அந்த ஆசை மச்சானுக்கு வந்தது. காது முழுதாகப் போவதற்கு முன் அந்த இடத்தைத் தன் காதால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். ஹெட்போன் சரிவரவில்லை. போட்டவுடன் காதுக்குள் இரைச்சல் கிளம்பித் தலை சுற்றுகிறது என்று கழற்றி எறிந்தார். நெஞ்சில் இடிக்கிற மாதிரி ஒரு சவுண்ட் செற் வேண்டும் என்றார்.

கிற்றார்காரர் இப்போது திருநாள்களுக்கும் செத்தவீடுகளுக்கும் சவுண்ட் வாடகைக்கு விடுகிறார். வழக்கில் எதிராளியே சாட்சியைக் கூட்டி வருவது போல, அவரே தன்னுடைய களஞ்சியத்திலிருந்து சிறிய சப்வூஃபர்கள் இரண்டைக் கொண்டுவந்தார். இங்கே அவற்றைப் பேஸ் பெட்டி என்றுதான் சொல்வோம்.

அறை சின்னது. ஒரு கட்டில், ஓர் அலுமாரி, நடுவில் மச்சானின் கதிரை. அந்தக் கதிரையை அங்கிருந்து அசைக்க ஏலாது என்று தங்கை முதலிலேயே சொல்லிவிட்டாள். காது கேட்காதவர் வாசலைப் பார்த்தபடிதான் இருப்பார். முதுகுக்குப் பின்னால் ஆள் வந்து நின்றால் திடுக்கிட்டு நடுங்குகிறார். வாசலும் குசினிக் கதவும் ஒன்றாகத் தெரிகிற இடம் அறையின் நடுவில் மட்டும்தான் இருந்தது.

கிற்றார்காரர் இரண்டு பெட்டிகளையும் வாசல் பக்க மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். திருநாளில் மேடைக்குப் பக்கத்தில் பேஸ் பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்குவார்கள். எத்தனை அடுக்கு என்பதுதான் அந்த வருடத் திருநாளின் மதிப்பு. வெளி மைதானத்தில் அதில் பிழை இல்லை. சத்தம் கடல் பக்கமாகப் போய்விடும். அறைக்குள் அதற்குப் போக இடமில்லை.

பாட்டைப் போட்டோம். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மச்சான் காதைச் சாய்த்துக் கேட்டார். சில சுரங்கள் இடிக்கின்றன, சில வரவேயில்லை என்றார். முக்கியமான அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்றார்.

"பெட்டி காணாது, இன்னுமொண்டு வேணும்," என்று கிற்றார்காரர் தீர்ப்புச் சொன்னார். மறுநாள் மூன்றாவதைக் கொண்டுவந்து மேலே ஏற்றினார். அடுக்கு, சுவரில் மாதாவின் சுரூபம் இருந்த தட்டைத் தொட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது குசினியிலிருந்து வந்த தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். சுரூபம் ஒவ்வொரு இடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தட்டின் விளிம்புக்கு வந்திருந்தது. பாய்ந்து பிடித்தாள். பிடித்த சுரூபத்தை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "மாதாவே வெளிக்கிட்டிட்டா. இனி நாங்களும் வெளிக்கிட வேண்டியதுதான்," என்றாள்.

மச்சான் கதிரையில் இருந்தபடி கையை விரித்தார். அவருக்கு அந்த இடத்தில் இன்னும் ஒன்றுமில்லை.

நான் அறையைச் சுற்றி நடந்து பார்த்தேன். பத்திரிகையில் இருந்த காலத்தில் ஒரே சம்பவத்தை நாலு பேரிடம் நாலு இடத்தில் நின்று கேட்ட பழக்கம். கட்டிலின் தலைமாட்டில் நின்றால் பேஸ் வயிற்றைக் கலக்கியது. வாசலில் பரவாயில்லை. மச்சானின் கதிரைக்கு வந்தால் பாதிச் சுரங்கள் நிலத்துக்குள் போய்விட்டதைப் போல இருந்தது. அவர் சொன்னது காதின் குறையல்ல, அறையின் குறை என்று அன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. காதைத் திருத்த முடியாது. அறையைத் திருத்தலாம்.

தொலைபேசியில் தேடி வாசித்தேன். சின்ன அறையில் கீழ்ச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது, சில இடங்களில் தன்னைத்தானே கூட்டிக்கொள்ளும், சில இடங்களில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பெட்டிகளை ஒரே மூலையில் குவித்தால், சத்தம் அழிகிற அந்தக் குழி இன்னும் ஆழமாகும். பிரித்து வைத்தால் ஒன்றின் குழியை மற்றது நிரப்பும். எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இருந்தது. கேட்பவரின் கதிரையில் பெட்டியை ஏற்றிவிட்டு, கேட்பவர் நிலத்தில் தவழ வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுவே இடம்.

ஆகவே மச்சானின் கதிரையில் பேஸ் பெட்டி குந்தியிருந்தது. மச்சான் கட்டிலில் இருந்தார். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நாலு காலில் போனேன். தங்கை தேத்தண்ணீரோடு வந்து என்னைக் கடந்து போகக் காத்திருந்தாள். கிற்றார்காரர், "அண்ணை, காசு கீசு விழுந்திட்டுதோ?" என்று கேட்டார்.

இடம் கிடைத்தது. இரண்டு பக்கச் சுவர்களின் சரி நடு. ஒன்றில் அலுமாரி நின்றது. மற்றதில் குசினிக் கதவு. அலுமாரியை யன்னலுக்கு முன்னால் தள்ளினோம். அறை இருண்டது. குசினிக் கதவைப் பூட்டிவிட்டு ஒரு பெட்டியை அதன் முன்னாலும் மற்றதை அலுமாரி நின்ற இடத்திலும் வைத்தோம். அன்றிலிருந்து தங்கை குசினிக்கு வீட்டைச் சுற்றி முற்றத்தால் போய் வந்தாள். மூன்றாவது பெட்டி தேவைப்படவில்லை. அது கட்டிலுக்குக் கீழே போனது.

போட்டுப் பார்த்தால் முன்னிருந்த பேஸும் இல்லை. இரண்டு பெட்டியும் ஓடின, கை வைத்தால் அதிர்ந்தன, கதிரையில் மட்டும் வெறுமை. பின்னேரம் முழுக்கப் பெட்டிகளை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் களைத்தோம். கடைசியில் கிற்றார்காரர் ஒரு பெட்டியின் பின்பக்கம் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறியிருந்தன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது.

வயரை மாற்றிக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. நீளமான ஊதல். நான் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். அவர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரி தள்ளிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சரி பார்க்க முதலில் நான் கதிரையில் இருந்தேன். பேஸ் கிற்றாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒரே உயரத்தில், படியேறுகிற ஆளின் காலடி மாதிரி வந்தது. அந்தக் கலியாண வீட்டில் பிள்ளைகள் கத்துவதும், யாரோ கதிரை இழுப்பதும், அதற்குக் கீழே இளம் வயது மச்சானின் விரல்களும். இத்தனை வருடத்தில் அவர் வாசித்ததை நான் உண்மையாகக் கேட்டது அன்றுதான். எழுந்து இடம் கொடுத்தேன்.

அவர் இருந்தார். வலது காதைத் திருப்பினார். பாட்டு தொடங்கி, முதல் அடி போய், இரண்டாவது அடி போய், சுருதி மாறுகிற இடத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் போனது. நாங்கள் மூன்று பேரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் என்னைப் பார்த்து, "போடுங்கோவன் மச்சான்," என்றார். "ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

ஒலியைக் கூட்டினோம். யன்னலுக்கு முன்னால் அலுமாரிக் கதவு அடித்துக்கொண்டது. அவர் நிலத்தில் கால்களைப் பதித்துப் பார்த்தார். ஏதோ ஓடுகிறது என்று தெரிகிறது, பாட்டு என்று தெரியவில்லை என்றார். பிறகு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

வைத்தியரிடம் மறுபடி போய் வந்தோம். அவரிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அறைதான் பிழை என்று அன்று நான் கண்டது சரி. ஆனால் அறையோடு நாங்கள் மல்லுக்கட்டிய நாள்களில் காது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

கிற்றார்காரர் அடுத்த கிழமை பெட்டிகளை எடுக்க வந்தார். எடுக்கவில்லை. மச்சானை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் இருந்து அந்தப் பாட்டைக் கேட்டார். அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார். பிறகு என் தொலைபேசியை வாங்கிப் பெரிய எழுத்தில் அடித்து மச்சானுக்குக் காட்டினார். நீ சரி, நான்தான் முந்திவிட்டேன் என்று எழுதியிருந்தது.

மச்சான் அதை வாசித்தார். தொலைபேசியைத் தூரப் பிடித்து இன்னொரு முறை வாசித்தார்.

"இதைப் போன வருஷம் சொல்லியிருந்தா நம்பியிருப்பன்," என்றார். "இப்ப நீ பாவம் பாத்துச் சொல்லுறாய்."

கிற்றார்காரர் மாதாவின் தட்டைக் காட்டிச் சத்தியம் செய்தார். மச்சான் சிரித்தார். "உன்ர சத்தியத்தை எனக்குத் தெரியாதே?" என்றார். அதற்குமேல் எதை எழுதிக் காட்டினாலும் அவர் வாசிக்கவில்லை. முகத்தைத் திருப்பினால் போதும், அவரோடு யாரும் வாதாட முடியாது.

படலையில் வைத்து நான் கிற்றார்காரரிடம் கேட்டேன், உண்மை என்ன என்று. வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய கேள்வி அது. அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் முந்தினது உண்மை, அண்ணை. அவன் பிந்தினதும் உண்மை மாதிரித்தான் கிடக்கு. ரெண்டு பேருமே பிழை. பாதியைச் சொன்னதுக்கே நம்பேல்லை, மிச்சத்தை எப்பிடிச் சொல்லுறது?"

மோட்டார் சைக்கிளைத் திருப்பியவர் ஒருமுறை வீட்டுப் பக்கம் பார்த்தார். யன்னலை அலுமாரி மறைத்திருந்தது.

நான் உள்ளே போனேன். தங்கை முற்றத்தால் சுற்றிக் குசினிக்குப் போயிருந்தாள். மச்சான் வாசலருகே நின்றுகொண்டு, தன் கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். பென்ட்ரைவ் செற்றிலேயே கிடந்தது. அவரே பொத்தானை அமத்திப் பாட்டைத் தொடங்கிவைத்தார்.

"நீங்கள் பேப்பர்க்காரன், பொய் சொல்ல மாட்டியள்," என்றார்.

பாட்டு ஓடியது. ஒவ்வொரு சுரமும் துல்லியமாக வந்தது. சுருதி மாறியது, இரண்டும் பிரிந்தன, சேர்ந்தன. யார் யாரை விட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இசை தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். திருப்பிப் போடச் சொல்லிக் கை காட்டினேன். போட்டார். மறுபடியும் அப்படித்தான்.

அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதை அசையாமல் வைத்திருக்கப் பார்த்தேன்.