மூன்றாவது பாட்டின் இடம்

புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பட்டியல் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆள் உண்டு. பிள்ளையார் பாட்டு, ஜால்ரா தட்டும் லோரிக்காரருடையது. அம்மன் பாட்டு பள்ளி ஆசிரியையுடையது. மூன்றாவதான முருகன் பாட்டு, தூணோரம் உட்காரும் பெரியம்மாவுடையது. உரியவர் முதலடி எடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். யாரும் யாருக்கும் சொல்லித் தந்த ஏற்பாடு அல்ல இது.

நான் புக்கிட் செந்தோசாவுக்குக் குடிபோன பிறகு, ராவாங்கில் ஷிப்டு வேலை; பஜனைக்கு வர முடியவில்லை. ஓராண்டு கழித்து ஒரு வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்தேன். வெளியே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் புழுதியோடு போய்க்கொண்டிருந்தன. இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவது வரவில்லை. ஜால்ரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது, ஆளில்லாமல் ஓடும் பேருந்து மாதிரி. பெரியம்மா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கண்மூடி இருந்தார். பாட்டை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். முதலடியை எடுத்துவிட்டேன்.

ஒருவரும் வாங்கவில்லை. மறுபடி பாடினேன். தகரக் கூரையில் முட்டி என் குரல் என்னிடமே வந்தது. ஆசிரியை பக்கத்தில் சாய்ந்தார்.

"என்னாண்ணே இது? பெரியம்மாவுக்குக் கழுத்துல ஆபரேஷன். மூணு மாசமா பாடல. அவங்களுக்காகத் தாளம் மட்டும் போட்டு எடம் விட்டு வெச்சிருக்கோம்."

"நிறுத்திடவா?"

"சாமி பாட்ட எடுத்துட்டுப் பாதியில விடுவாங்களா?"

"அப்ப முடிச்சிடறேன்."

"முடிச்சா இனிமே அது ஒங்க பாட்டு லா. அவங்க திரும்ப எடுக்கவே மாட்டாங்க."

நிறுத்தவும் முடியாது, முடிக்கவும் கூடாது. முதலடியையே திரும்பத் திரும்பப் பாடினேன். நாலாவது தடவை லோரிக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். ஆறாவது தடவை பெரியம்மா கண்ணைத் திறந்தார். எட்டாவது தடவை என் தொண்டை வறண்டது. அப்போது தூணோரத்திலிருந்து இரண்டாமடி வந்தது.

மணல் சலிக்கும் ஓசை அது, குரல் என்று சொல்ல முடியாது. பழைய சுருதிக்கு வெகு கீழே. மொத்தக் கூட்டமும் அந்தப் பள்ளத்துக்கே இறங்கி வாங்கியது. நானும் இறங்கினேன். பாட்டை அவரே முடித்தார்.

சுண்டல் கொடுக்கும்போது பெரியம்மா கரகரத்தார். "ரெண்டாவது அடி தெரியாதவன் எதுக்குடா பாட்ட எடுக்கற?"

"தெரியும் பெரியம்மா."

"தெரிஞ்சுமா அந்த ஒரே அடியப் போட்டு அந்த அறுப்பு அறுத்த?"

சிரிப்பில் யாரோ ஒருவருக்குச் சுண்டல் புரையேறியது.

அடுத்த வெள்ளியும் போனேன். லோரிக்காரர் பிள்ளையார் பாட்டையே தாழ்ந்த சுருதியில் எடுத்தார். அம்மன் பாட்டும் அந்தச் சுருதியிலேயே நின்றது. அப்படி மூன்றாவது பாட்டு வரும்போது, ஒருவரும் தனியாக இறங்கிப் போக வேண்டியிருக்கவில்லை. பெரியம்மா முதலடி எடுத்தார். நான் தாளத்துக்குக் கை தட்டினேன்.