முனியாண்டிக்கு ஷாக் அடித்த ஆயுத பூஜை

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்குப் பிறகு கோயில் மண்டப வகுப்பில் கற்றது. ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆகிறது... ஆனாலும் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. தாளில் எழுதியதை மகள் படம் பிடித்து இந்தக் குழுவில் போடுகிறாள்.

சாம்பிராணிப் புகையும் மெஷின் எண்ணெயும் கலந்தால் ஒரு வாசம் வரும். ஜார்ஜ் டவுனில் கதிரேசன் அண்ணனின் இரும்பு கேட் பட்டறையில், ஆயுத பூஜை அன்று மட்டும் வரும் வாசம் அது. நானும் முனியாண்டியும் அங்கே வேலை பார்த்தோம். ஆளுயர டிரில் மெஷின் அவன் பொறுப்பு.

ஒரு வருஷம், பூஜைக்குச் சில மாதம் முன்பு, மெஷினின் பிளக் உடைந்தது. அன்று முனியாண்டி லீவு. என் கையில் கிடைத்தது பழைய ஃபேனின் இரண்டு கால் பிளக். அதை மாட்டினேன். மிஞ்சிய பச்சை எர்த் வயரைச் சுருட்டி டேப் ஒட்டினேன். சுவரில் இருக்கும் மூன்று துளையில் மேல் துளையைப் பேனா மூடியால் குத்தினால், கீழ்த்துளைகளின் அடைப்பு திறந்து இரண்டு காலும் உள்ளே போய்விடும். அப்போது பல வீடுகளில் அப்படித்தான்.

மெஷின் ஓடியது. எப்போதாவது விரல் சுருக்கென்றது. ரப்பர் சிலிப்பர் போட்டிருந்ததால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

பூஜை அன்று தரையைக் கழுவி, மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். சாமி காரியம்... சிலிப்பரை வெளியே கழற்றிவிட்டோம். தீபாராதனை முடிந்தது. முனியாண்டி ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான்.

அவன் உடம்பு உதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

"ஐயோ, சாமி வந்துருச்சு!" என்று கதிரேசன் அண்ணனின் மனைவி கும்பிட்டார். நான் திருநீற்றை எடுத்து அவன் நெற்றிக்குக் கையை நீட்டினேன்.

"டேய், தொடாதடா! கரண்டு!"

கத்திக்கொண்டே ஓடிய அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கினார். முனியாண்டி சரிந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் திறந்தான்.

"சாமி வந்துருச்சுன்னு நெனச்சோம்லா," என்றார் அண்ணன்.

"அப்ப காணிக்கை எங்கண்ணே?" என்றான் முனியாண்டி. எல்லாரும் சிரித்தார்கள். அவன் உள்ளங்கை வெந்திருந்தது.

மறுநாள் வந்த வயர்மேன், "மெஷின் உடம்புல கரண்டு கசியுது, எர்த் இல்ல. ரெண்டு கால் பிளக்க யாரு போட்டது?" என்று கேட்டார்.

"முன்ன வேல செஞ்சவன் எவனாச்சும் இருக்கும்லா," என்றார் அண்ணன்.

நான் குனிந்து தரையில் கிடந்த இரும்புத்தூளைக் கூட்டினேன்.

இப்போது சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் என் மருமகனுக்குப் பட்டறை இருக்கிறது. மெஷினைப் போடும் முன், பிளக்கில் மூன்று காலும் இருக்கிறதா, எர்த் வயரின் ஸ்க்ரூ மெஷின் உடம்பில் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்தும் பார்க்கிறார். கரண்டு கசிந்தால் தானே விழும் சுவிட்சையும் ஒருமுறை அழுத்திச் சோதிக்கிறார். பூஜை அன்றும் காலில் பூட்ஸ்தான். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முனியாண்டி, நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய். உன் வலது கை இன்னும் முழுதாக மூடாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிளக்கை மாட்டியது நான்தான். எத்தனையோ முறை நேரில் பார்த்தும் சொல்ல வாய் வரவில்லை.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே. திட்டுவதென்றாலும் எழுதி அனுப்பு. எழுத்துக்கூட்டி நானே படிப்பேன்... அடுத்த வாரத்துக்குள் பதிலும் எழுதிவிடுவேன்.